எட்டரை அடி இடப்பக்கம்

சண்முகக்கனி அந்தச் சிவப்புப் பட்டனைத் திரையை விட்டு இடப்பக்கமா எட்டரை அடி தள்ளிவிட்ட அன்னைக்கு, பகல் பதினொண்ணு பத்துக்கு, எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டருக்கு இடப்பக்கமா சரியா எட்டரை அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கிட்டு, மேஜை மேல குனிஞ்சு, ஒரு டாக்டரம்மாவோட நைட்டிக்குத் துணி வெட்டிக்கிட்டு இருந்தாரு. அவ்வளவுதான் அவர் செஞ்ச பாவம். பட்டன் வந்து அவர் முதுகுல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, ஒரு உளுந்தவடை அளவுக்கு ஒட்டிக்கிடுச்சு. மேல வெள்ளை எழுத்துல 'முழுசா அழி'ன்னு எழுதியிருந்துச்சு.

நான் குருவம்மா. கோவில்பட்டி பஜார்ல குருவம்மா நைட்டி சென்டர்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. வெட்டுறது அவரு, தைக்கிறதும் பேசுறதும் நானு. அவர் பேரு சீனிவாசகம். விடிஞ்சதுல இருந்து கடை அடைக்கிற வரைக்கும் இருபது வார்த்தைக்கு மேல பேசிட்டாருன்னா அவருக்கு அன்னைக்குக் காய்ச்சல்னு அர்த்தம். கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கு, அதைப் பார்த்து சாத்தூர், தூத்துக்குடியில இருந்தெல்லாம் ஆர்டர் வரும். அந்த வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கிறவதான் சண்முகக்கனி. போஸ்டாபீஸுக்குப் பின்னால மாடியில ஒத்தை ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க ஊர்ல இருநூத்திப் பதினாலு கடைக்கு வெப்சைட் இடம் விடுறா. முப்பத்திரண்டு வயசு, நல்ல பொண்ணு, எதைக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்லத் தெரியாது. அதுதான் அவளுக்கு வந்த கேடு.

இடம் மட்டும் இருந்தா ஆச்சா? படத்தை மாத்தணும், புது மாடல் ஏத்தணும், பழசை எடுக்கணும். அதுக்குக் கடைக்காரங்க கையில ஒரு பேனல், கம்ப்யூட்டர்ல திறந்து வேலை பார்க்குற ஒரு பக்கம், இருக்கணும். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு செஞ்ச பேனலை வாங்கி அவ எங்களுக்குக் குடுத்திருந்தா. திறந்தா நாப்பது கட்டம், எறும்பு எறும்பா எழுத்து, அத்தனையும் இங்கிலீஷு. நாங்க சும்மா விடுவோமா? எழுத்தைப் பெருசாக்குன்னோம், தமிழாக்குன்னோம், அரிசிக்கடைக்காரர் மூணு கட்டத்தை விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் தூக்கச் சொன்னாரு, லாட்ஜ்காரர் தன்னோடதுல உச்சியில முருகன் வேணும்னாரு, தீப்பெட்டி ஆபீஸ்காரர் நீலம் தனக்கு ஆகாது பச்சைதான் ராசின்னாரு, கனியும் பாவம் ஒவ்வொண்ணா உக்காந்து செஞ்சு குடுத்தா. செஞ்சு முடிச்சு 'இப்பத்தான் நல்லாருக்கு'ன்னு நாங்க சொல்லி வாயை மூடுறதுக்குள்ள கம்பெனியில இருந்து அப்டேட் வந்துரும். வந்தா முருகன் போயிருவாரு, பச்சை போயிரும், தமிழ் போயிரும், எறும்பு எல்லாம் பழையபடி வரிசையில வந்து நிக்கும், இருநூத்திப் பதினாலு பேரும் ஒரே நேரத்துல அவளுக்குப் போன் போட்டு 'ஏம்மா, திரும்பவும் கெடுத்துட்டியா'ன்னு கத்துவோம். அவ கெடுக்கலன்னு எங்களுக்குத் தெரியும். கத்துறதுக்கு எங்களுக்கு வேற ஆள் இல்ல.

அந்தப் பேனல்ல 'சேமி'ங்கிற பட்டனை ஒட்டி, அதே அளவுல, 'முழுசா அழி'ன்னு ஒரு சிவப்புப் பட்டன். எந்த மகராசன் அதை அங்க கொண்டு வச்சானோ. தொட்டா கடையோட வெப்சைட்டு மொத்தமும் போயிரும். ஆனா தொட்டதும் போயிராது, ஒரு கேள்வி கேக்கும், அந்தக் கேள்வி மட்டும் கம்பெனியோடது இல்ல, அப்டேட்டு தொடாத இடத்துல கனியே நம்ம பேச்சுல எழுதி வச்சது: 'முழுசா அழிச்சிரட்டுமா? நல்லா யோசிச்சீங்களா?' ஆமான்னா அழிக்கும், வேண்டாம்னா விட்டுரும். சங்கடம் என்னன்னா, அழிக்கும்போது மட்டும் இல்ல, ஒரு நைட்டிப் படத்தை மாத்துனாலும் யோசிச்சீங்களாம், விலையில ஒரு சைபர் திருத்துனாலும் யோசிச்சீங்களாம். எனக்குப் பொறுக்கல. ஒருநாள் மாடியேறிப் போயிட்டேன்.

"ஏம்மா கனி, நான் என்ன பச்சப்புள்ளயா? என் மாமியாகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்ல. தூக்கு அதை."

"அக்கா, உங்களுக்கு மட்டும் தூக்க வழியில்லக்கா. தூக்குனா எல்லாருக்கும் போயிரும்."

"போகட்டும். அதுக்காக இங்க யாரு அழப்போறா?"

தூக்கிட்டா. தூக்கச் சொன்னது யாருன்னு அவ யார்கிட்டயும் சொல்லல, நானும் சொல்லல. நீங்க மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

கேள்வி போன மறுவாரமே ஒரு ஜெராக்ஸ் கடையும் ஒரு ஸ்வீட் ஸ்டாலும் சேமிக்கப் போய் அழிச்சுக்கிட்டாங்க. கனி எங்கயோ எடுத்து வச்சிருந்த நகலை வச்சு ரெண்டு நாள்ல மீட்டுக் குடுத்துட்டா, ஆனா பயந்துட்டா. கேள்வியைத் திரும்பப் போட்டா நான் மறுபடி மாடியேறி வந்துருவேன்னு, பட்டனை மறைச்சுப் பார்த்தா, அப்டேட் வந்து எடுத்து வெளிய வச்சிருச்சு. மறுபடி மறைச்சா, மறுபடி எடுத்து வச்சிருச்சு. கடைசியா அந்தக் கம்பெனிக்கே எழுதிப் போட்டா. எழுதுற ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க, அதுக்கு டிக்கெட்டுன்னு பேரு, அந்த டிக்கெட்டை வச்சுக்கிட்டு பதினோரு மாசம் காத்துக் கிடந்தா. அப்புறம் பதில் வந்துச்சு: பட்டனை எடுத்தா பேனலே உடைஞ்சு போகுமாம். வேணும்னா திரைக்கு வெளிய, இடப்பக்கமா, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளி வைக்கலாமாம். அவ தொழில்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்களாம். எந்த அப்டேட்டும் அழிக்காதபடிக்கு அடிவேர்லயே வச்சுத் தர்றோம்னு கம்பெனி ஒத்துக்கிட்ட அன்னைக்கு கனி பஜாருக்கே கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தா. தின்னோம். தள்ளுற சாமான் எங்க போயி விழும்னு ஒருத்தரும் கேக்கல.

அது ஒவ்வொரு திரையில இருந்தும் எட்டரை அடியில போயி விழுந்துச்சு. சில பேருக்குச் சொந்தச் சுவர்ல, சில பேருக்கு அலமாரிக் கதவுல, அரிசிக்கடைக்காரருக்கு மூட்டை மேல, லாட்ஜ்காரருக்குச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் லாட்ஜ்காரரும் ஆறு வருஷமா சாக்கடைத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாதவங்க; மறுநாளே லாட்ஜ்காரர் பழத்தட்டோட போயி அவர் வாசல்ல நின்னாரு. மேல காலண்டரைத் தொங்கவிட்டா பட்டன் காலண்டருக்கு மேல வந்து நின்னுச்சு, சிரட்டையை வச்சு மூடுனா சிரட்டைக்கு மேல வந்து நின்னுச்சு. சரின்னு ஊரும் அதுக்குத் தக்கன மாறிக்கிடுச்சு. வெல்டிங் பட்டறையில தொடாம தள்ளி நிக்கிற மாதிரி கூண்டு செஞ்சு வித்தாங்க. யாரும் சுவர்ல சாயுறதில்ல. பொண்ணு பார்க்க வந்தவங்க ஜாதகத்தைக் கேக்குறதுக்கு முன்னால 'ஒங்களுக்கு எங்க இருக்கு'ன்னு கேட்டாங்க.

பட்டன் நிஜமாவே வேலை செய்யும்னு அதுவரைக்கும் எங்களுக்கு முழுசா நம்பிக்கை இல்ல, எதுக்கு வம்புன்னுதான் தள்ளி நின்னோம். கனியே, "அது திரைக்குள்ள இருந்தாத்தான்க்கா செல்லும், வெளிய சும்மா படம் மாதிரி"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. ஒன்பதாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைங்க அடிச்ச ஹாக்கிப் பந்து ஒண்ணு ரோட்டுல குதிச்சு வந்து, ஞானதுரை அண்ணாச்சியோட பாத்திரக்கடைக்கு வெளிய கிடந்த மரபெஞ்சுல பட்டுச்சு. அவர் பட்டன் அந்த பெஞ்சுலதான் இருந்துச்சு. சத்தம் இல்ல, புகை இல்ல. பெஞ்சு போச்சு, கடையும் போச்சு. இடிஞ்சு விழல, காலி இடமாவும் நிக்கல. செருப்புக்கடைச் சுவரும் மருந்துக்கடைச் சுவரும் ஆதியில இருந்தே ஒட்டிக்கிட்டு இருந்த மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நாப்பது வருஷக் கடை. அண்ணாச்சி டீ வாங்கக் கீழ இறங்குனவரு, ரோட்டுல சாவிக்கொத்தோட நின்னாரு. "இங்கனதான இருந்துச்சு"ன்னு செருப்புக்கடைக்காரர்கிட்ட கேட்டாரு. அவர் ஆமாம் அண்ணாச்சின்னாரு. வேற என்ன சொல்வாரு.

கனி எடுத்து வச்சிருந்த நகல்ல அவர் வெப்சைட்டுதான் இருந்துச்சு, கடை இல்ல. அந்த மணி நேரத்துலயே அவ ஓடிப்போயி கேள்வியைத் திரும்பப் போட்டுட்டா. ஆனா அது திரைக்கு வெளிய கிடக்கிற பட்டனுக்கும் செல்லுமான்னு அவளுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கிடணும்னா யாராவது ஒருத்தர் தன் பட்டனைத் தொட்டுப் பார்க்கணும். யாரு தொடுவா? நீங்க தொடுவீங்களா? கம்பெனிக்கு எழுதி, தள்ளுனதை எடுத்து உள்ள வைங்கன்னு கெஞ்சுனா. 'உங்கள் பிரச்சினை எங்களுக்கு முக்கியம். பட்டன் திரையில் தெரியும் படத்தை எடுத்து அனுப்பவும்'னு பதில் வந்துச்சு. திரையிலதான் இல்லையே, அதுதானே எங்க பிரச்சினை! அவ என் வீட்டுக்காரரு முதுகைப் போட்டோ எடுத்து அனுப்புனா. 'இது எங்கள் பேனலின் படம் அல்ல'ன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க.

நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தவங்களுக்குச் சுவரு, மூட்டை, அலமாரி, எனக்குப் புருஷன். பட்டன் ஒட்டுன சாமானும் சேர்ந்து போகும்னு அந்த பெஞ்சு காட்டிருச்சே. எந்தச் சட்டையைப் போட்டாலும் சட்டைக்கு மேல வந்து நிக்குது. அவர் நாற்காலியில சாய மாட்டாரு, முக்காலிதான். குப்புறத்தான் படுப்பாரு. பஸ்ஸுல போகக்கூடாது, கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது, ஏன்னா எங்க ஊர் ஆம்பளைங்க பாசம்னா முதுகுலதான் தட்டுவாங்க. எதிர்ல யாரு வந்தாலும் நான் முன்னால போயி கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். அவர் மட்டும், "விடு குருவு, வெட்டுற கைக்கு ஒண்ணும் ஆகலயே"ன்னு சொல்லிட்டு கத்தரியை எடுத்துருவாரு. இருபது வார்த்தையில ஆறு அதுக்கே போயிரும்.

ஒரு வியாழக்கிழமை மதியம். சாப்பிட்டு முடிச்சு ஒரு துண்டு கடலைமிட்டாயை வாயில போட்டிருந்தாரு. நான் அந்த டாக்டரம்மா நைட்டி பத்தாம போனதைச் சொல்லி, "அந்தம்மா போன மாசம் குடுத்த அளவை இந்த மாசம் எங்க கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்காங்களோ"ன்னேன். என்னைக்கும் சிரிக்காத மனுஷன் சிரிச்சாரு. மிட்டாய் தொண்டையில குறுக்க போயிருச்சு. உச்சந்தலையில தட்டுனேன், யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லித் தட்டுனேன். இருமல் வரல. தண்ணி குடுத்தேன், வெளிய வழிஞ்சுச்சு. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு முக்காலியில இருந்து எந்திரிச்சாரு, கண்ணு பிதுங்குது, உதடு நீலமாகுது. என்ன செய்யணும்னு பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முதுகுல ஓங்கி ஒரு அடி. அந்த இடத்துல 'முழுசா அழி'ன்னு எழுதியிருக்கு.

தள்ளி அடிக்கலாம்னு பார்த்தேன், இடுப்புல அடிச்சேன், தோள்ல அடிச்சேன், ஒண்ணும் ஆகல. அவர் முட்டி மடங்கிருச்சு. அடிச்சாலும் போயிருவாரு, அடிக்காட்டாலும் என் கண்ணு முன்னாலயே போயிருவாரு. எங்க குலதெய்வத்து மேல, கனி மேல, அந்தக் கேள்வி மேல பாரத்தைப் போட்டு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, உள்ளங்கையால, என் பலம் அத்தனையும் கூட்டி அடிச்சேன்.

மிட்டாய்த் துண்டு தெறிச்சு மிஷின் மேல போயி விழுந்துச்சு. அவர் போகல. இழுத்து ஒரு மூச்சு விட்டாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காம, அவர் வாயில இருந்தே, அவர் குரல்லயே வந்துச்சு:

"முழுசா அழிச்சிரட்டுமா? நல்லா யோசிச்சீங்களா?"

முப்பது வருஷத்துல அவர் என்னை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசுனதில்ல. அது அவர் இல்லன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. "வேண்டாம்"னேன். "வேண்டாம் சாமி, வேண்டாம், வேண்டவே வேண்டாம்"னு கால்ல விழுந்து கத்துனேன். அவர் குனிஞ்சு, "என்ன குருவு, எதுக்கு அழுற"ன்னாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியல.

ஓடிப்போயி கனிகிட்ட சொன்னேன், ஊரே நிம்மதியாச்சு. ஒவ்வொருத்தரா பயந்து பயந்து தொட்டுப் பார்த்தாங்க. சுவர் கேட்டுச்சு, அலமாரி கேட்டுச்சு, அரிசி மூட்டை கேட்டுச்சு. யாரு தொட்டாங்களோ அவங்ககிட்டதான் கேக்கும், அவங்க பதிலுக்குத்தான் காத்திருக்கும், பக்கத்துல நின்னு ஆயிரம் பேரு வேண்டாம்னு கத்துனாலும் செல்லாதுன்னும் தெரிஞ்சுச்சு. வெல்டிங் பட்டறையில கூண்டு விக்கிறது நின்னு போச்சு. விருந்தாளி வந்தா தொட்டுக் காட்டுறது வழக்கமாச்சு. நான் 'ஆமா'ங்கிற வார்த்தையையே விட்டுட்டேன். அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கை பட்டா, பட்ட ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, நிதானமா, வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் மறுபடி தேய்ப்பேன்.

ஆனா ஞானதுரை அண்ணாச்சி தினமும் காலையில ஒன்பது மணிக்கு, கடை திறக்கிற நேரத்துக்கு, செருப்புக்கடைச் சுவரும் மருந்துக்கடைச் சுவரும் சேருற இடத்துல சாவிக்கொத்தோட வந்து நின்னுக்கிட்டே இருந்தாரு. கடை திறந்து உக்காந்தா எனக்கு நேரா அவர்தான் தெரிவாரு. பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் என்னால முடியல. உள்ள கூப்பிட்டு, முக்காலியைப் போட்டு, டீயைக் கையில குடுத்து, சொல்லிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் கேள்வி முன்னாலயே இருந்துச்சு. என்னைக் கேக்குறது பிடிக்கலன்னு, நான்தான் கனிகிட்டச் சண்டை போட்டுத் தூக்கச் சொன்னேன். யாரு அழப்போறான்னு கேட்டேன். அது இருந்திருந்தா அன்னைக்கு உங்க கடை போயிருக்காது."

அவர் டீயைக் குடிச்சு முடிச்சாரு. டம்ளரைக் கீழ வச்சாரு. எங்க வீட்டுக்காரரு மேஜைகிட்ட, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, காதுல பென்சிலோட, ஒண்ணும் விழாத மாதிரி வெட்டிக்கிட்டு இருந்தாரு. அண்ணாச்சி எந்திரிச்சு அவர் பின்னால போயி நின்னாரு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள, சாவிக்கொத்து இல்லாத கையை எடுத்து, விரலை விரிச்சு, அந்தப் பட்டன் மேல வச்சு அமுக்கிட்டாரு.

கத்தரி நின்னுச்சு. "முழுசா அழிச்சிரட்டுமா? நல்லா யோசிச்சீங்களா?"

"அண்ணாச்சி"ன்னேன். நான் வேண்டாம்னு சொன்னா செல்லாது. கும்பிட்டேன். ஃபேன் சுத்துது, ரோட்டுல மினி பஸ் ஹாரன் அடிக்குது, என் புருஷன் கத்தரியைத் திறந்தபடி மரமா நிக்குறாரு, அண்ணாச்சி அவர் பின்மண்டையையே பார்த்துக்கிட்டு நிக்குறாரு.

"இது எம்புட்டு நேரம் நிக்கும் குருவம்மா?"

"நீங்க சொல்ற வரைக்கும் நிக்கும் அண்ணாச்சி."

"எம்புட்டு நேரம் ஆனாலுமா?"

"எம்புட்டு நேரம் ஆனாலும்."

அவர் கண்ணு கலங்கிருச்சு. "எனக்கு இதுல ஒரு நொடி கிடைச்சிருந்தாப் போதுமே தாயி"ன்னாரு. அப்புறமும் கொஞ்ச நேரம் நின்னாரு. நல்லா யோசிச்சாரு. யோசிக்கிறாருன்னு எனக்கே தெரிஞ்சுச்சு, அவர் யோசிக்க யோசிக்க என் உயிரு போயிப் போயி வந்துச்சு. கடைசியா, அந்த முதுகைப் பார்த்து, "வேண்டாம்ப்பா"ன்னாரு.

கத்தரி விட்ட இடத்துல இருந்து வெட்ட ஆரம்பிச்சுச்சு. அண்ணாச்சி வெட்டுற மேஜை ஓரத்துல சாவிக்கொத்தை வச்சுட்டு, செருப்பை மாட்டி, அந்தச் சுவர் பக்கம் பார்க்காம பஸ் ஸ்டாண்டு ரோட்டுல நடந்து போனாரு. எங்க வீட்டுக்காரரு துணியை நகட்டும்போதுதான் அதைப் பார்த்தாரு.

"அண்ணாச்சி சாவியை மறந்து வச்சுட்டுப் போறாரு பாரு, கூப்பிடு."

"மறக்கலங்க"ன்னேன். "எங்கிட்ட குடுத்துட்டுப் போறாரு."